பத்தாயத்துக்குள் கிடந்த பெல்ட்டு

மக்களே,

நீ அனுப்பிய கடிதமும், அதன் பின்பக்கம் எழுதியிருந்த சாமான் பட்டியலும் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தன. உன் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பிப் போகிறார், அவருடைய நாய் போட்ட குட்டிகளில் ஒன்றை உனக்குத் தந்திருக்கிறார், பங்குனி லீவில் வரும்போது அதைக் கொண்டுவந்து நம் வீட்டில் விடப்போகிறாய் என்பதெல்லாம் விளங்கியது. குட்டி வருமுன் என்னென்ன வாங்கி வைக்கவேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். அதற்குத்தான் இந்தப் பதில். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், அப்பா போன பிறகு ஐந்து வருஷமாக எழுதுவதைப் போலவே. நான் ஒருவிதமாகப் பேசுவேன், அவள் அதைப் பள்ளிக்கூடத்துத் தமிழாக்கிவிடுவாள். இன்றைக்கு மட்டும் நான் சொல்வதில் எதையும் விடாதே, எதையும் சேர்க்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

உன் பட்டியலில் கடைசியாக, தோல் பெல்ட்டு ஒன்று என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ‘இந்தத் தடவை அவள் கை அதில் படாமல் பார்த்துக்கொள்’ என்று எழுதியிருந்தாய். அவள் என்றால் யார் என்று நீ எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. அந்த வரியை அவளேதான் எனக்கு வாசித்துக் காட்டினாள், சங்கிலி, சாக்கு என்று மற்றதையெல்லாம் வாசித்த அதே குரலில். எனக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் முடிவில், தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்லவும் என்று எழுதுவானே, இன்றைக்கு இவனுக்கு என்ன வந்தது என்று கேட்டேன். அவள் கடிதத்தை மடித்துக்கொண்டே சொன்னாள். “அது அண்ணன் எழுதினது இல்லம்மா. நான் சேத்து வாசிச்சது.”

நான் நம்பவில்லை. தகரப் பெட்டியில் இருந்த உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொன்றாக, உள்ளது உள்ளபடி வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். பசு கன்று போட்டதா என்று கேட்டிருக்கிறாய். கிணற்றடித் தென்னை காய்க்கிறதா என்று கேட்டிருக்கிறாய். பக்கத்து வீட்டுக்காரருக்கு இருமல் நின்றதா என்றுகூடக் கேட்டிருக்கிறாய். ஒன்றிலும் அவள் இல்லை. அப்பா இருந்தவரை உன் கடிதத்தை அவர் மனதுக்குள் வாசித்துவிட்டு, சுகமாக இருக்கிறான் என்று மட்டும் சொல்வார். அவர் போனபின் பத்து வயதுப் பிள்ளை எனக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தது. முதல் கடிதத்திலேயே இல்லாத வரியைச் சேர்த்திருக்கிறது. நீ லீவுக்கு வரும்போது அவளோடு பேசாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெண்பிள்ளை வளர்ந்துவிட்டாள், அண்ணன் முன்போலப் பேசமாட்டான் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. உங்களுக்குள் எல்லாம் ஆறிவிட்டது, இனி நான் வாய் திறக்கவேண்டாம் என்று இருந்துவிட்டேன். என் நிம்மதிக்கு இருந்த ஒரே ஆதாரம் அவள் சேர்த்து வாசித்த அந்த வரிதான். இப்போது அதுவும் இல்லை. ஆகவே ஆறு வருஷமாகச் சொல்லாத ஒன்றை இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன். ஆனால் சாமான்களைப் பற்றி முதலில் சொல்கிறேன். மற்றதை முதலில் சொன்னால் நீ பாதியில் கடிதத்தைக் கசக்கிவிடுவாய். ஒன்றும் அறியாத குட்டிதான் கஷ்டப்படும்.

சங்கிலி வாங்கியாயிற்று. கயிறு போதும் என்று நீ எழுதியிருந்தாய், நான் கேட்கவில்லை. நீ முன்பு வளர்த்த நம் நாய் கப்பலுக்கு முதல் வாரம் தென்னங்கயிறு கட்டி, அதன் கழுத்தில் வட்டமாக மயிர் உதிர்ந்து புண்ணானதும், நீ மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடியதும் எனக்கு மறக்கவில்லை. நல்ல சங்கிலி நம் ஊர்க் கடையில் இல்லாததால், வள்ளத்துக்குச் சாமான் விற்கும் குளச்சல் கடைக்கு நானும் இவளும் போனோம். கடைக்காரர் மாட்டுக்கா, பட்டிக்கா என்று கேட்டார். நாய்க்கு என்றதும், எத்தனை வலிய பட்டி என்றார். இவள் முன்னால் வந்து, குட்டி இன்னும் வரவில்லை, அண்ணன் வேலை பார்க்கும் பீர்மேட்டில் இருக்கிறது, ஆனால் தாய் இடுப்புயரம் இருக்குமாம், அதனால் வளர்ந்தபின் தாங்குகிற மாதிரி வேண்டும் என்று விளக்கினாள். அவர் இவளைப் பார்த்துவிட்டு என்னிடம், “வராத பட்டிக்குச் சங்கிலியா? மாப்பிளை பாக்கதுக்கு முன்ன பந்தல் போட்ட கணக்கால்லா இருக்கு” என்றார். கடையில் நின்ற மீன்காரர்கள் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். நடுவில் திருகிச் சுழலும் வளையம் வைத்த சங்கிலிதான் நல்லது, இல்லாவிட்டால் நாய் சுற்றிச் சுற்றி ஓடி முறுக்கிக்கொள்ளும் என்று கேட்டு வாங்கியது இவள்தான். ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்த்து, பிசிறு இருந்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவள் பள்ளிக்கூட லைப்ரரியிலிருந்து நாய் வளர்ப்பதைப் பற்றி ஒரு இங்கிலீஷ் புத்தகம் எடுத்து வந்திருக்கிறாள். தினமும் விளக்கு வைத்ததும் அதிலிருந்து எனக்குப் பாடம். குட்டிக்குக் கம்பளி விரிக்கவேண்டுமாம், பிஸ்கட்டு கொடுக்கவேண்டுமாம், தலை வாரத் தனிச் சீப்பு வேண்டுமாம். உன் அப்பாவே கம்பளி போர்த்தியதில்லை என்றேன். அதற்கு, சீமையில் குளிர் அதிகம், நமக்குச் சாக்கு போதும், ஆனால் புது உரச் சாக்கு கூடாது, பழைய நெல்லுச் சாக்கைத் துவைத்து வெயிலில் காயவைத்துப் போடவேண்டும் என்று அவளே தீர்ப்பும் சொன்னாள். அப்படியே செய்திருக்கிறோம். மண்ணெண்ணெய் டின் வந்த மரப்பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிரித்து, ஆணி முனைகளை அடித்து மடக்கி, அடுக்களைச் சார்ப்பில் வைத்திருக்கிறோம். பாலுக்குச் சிரட்டை வேண்டாம். கப்பல் சிரட்டையைக் கவிழ்த்துப்போட்டுக் கடித்து, சில்லு தொண்டையில் மாட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும். அடி அகன்ற மண்சட்டி ஒன்று வாங்கியிருக்கிறோம். சோறு குழைய வேண்டும். சாளை மீனை வேகவைத்து முள் எடுத்துத்தான் போடவேண்டும். பச்சை மரச்சீனிக் கிழங்கும் அதன் தோலும் குட்டி வாய்க்கு எட்டாமல் கிடக்கவேண்டும். ஆடே அதைத் தின்று செத்திருக்கிறது. இதையெல்லாம் நீ வந்தபிறகும் பார்த்துச் செய்ய ஆள் இருக்கிறது. ஆள் யாரென்று உனக்குத் தெரியும்.

பெல்ட்டைக் கடைசியாக வைத்தேன். சந்திப்பில் அரசமரத்தடியில் செருப்புத் தைப்பவரிடம் நானே போய்ச் சொல்லித் தைக்கவைத்தேன். எத்தனை பெரிய கழுத்து என்று அவர் கேட்டார். இரண்டு மாதக் குட்டியின் கழுத்து ஏறத்தாழ பெரிய ஆளின் முன்கை தண்டி இருக்கும், அதிலும் இரண்டு விரல் நுழைய இடம் விடவேண்டும் என்று உன் தங்கை புத்தகத்திலிருந்து சொன்னாள். அவர் தயங்கிக்கொண்டு நின்றார். தோலை என் கையில் சுற்றச் சொல்ல அவருக்குக் கூச்சம். நானே கையை நீட்டினேன். பெல்ட்டை என் முன்கையில் சுற்றிப் பார்த்து, அங்கே முதல் துளை போட்டார். வளர வளர மாட்டிக்கொள்ள இன்னும் ஆறு துளைகள் போட்டார். செருப்பைக்கூட வாசலுக்கு வெளியே விடும் வீட்டுக்காரி நான், தோலைக் கையில் கட்டிக்கொண்டு நடுச்சந்திப்பில் நின்றேன். கூச்சமாகத்தான் இருந்தது. இந்தக் கூச்சம்தான் கப்பலைக் கொன்றது. இனி அதைச் சொல்கிறேன்.

குளச்சல் கடற்கரையில் ஏலம் போடும் இடத்திலிருந்து ஒரு குட்டியைச் சட்டைக்குள் வைத்து நீ கொண்டுவந்தபோது உனக்குப் பதினேழு வயது. ஆடி ஆடி நடந்ததால் கப்பல் என்று பெயர் வைத்தாய். ஒரு வாரம் அப்பா உன்னோடு பேசவில்லை. எட்டாம் நாள், அவரே பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய் நாய் லைசென்சுக்கான பித்தளை வில்லை வாங்கி, அதைத் தோல் பெல்ட்டில் கோத்துக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தார். வெறிபிடித்த பேப்பட்டி கடித்து அருமனைப் பக்கம் ஒருவர் இறந்துபோனதாகப் பேச்சு இருந்த சமயம் அது. பெல்ட்டும் வில்லையும் இல்லாத நாய் ரோட்டில் நின்றால் அடித்துப் போடலாம் என்று கொட்டடித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நாயை அவிழ்த்தாலும் பெல்ட்டை அவிழ்க்காதே என்று அப்பா தினமும் சொல்வார். உன் தங்கைக்கு அப்போது ஒன்பது வயது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் செம்பருத்தி மாலை போட்டுக் கப்பலுக்குக் கல்யாணம் நடத்துவாள். ஆனால் விளையாட்டு முடிந்ததும் மறுபடியும் பெல்ட்டை மாட்டிவிடுவாள். ஒருநாளும் மாட்டாமல் விட்டதில்லை. இதை அன்றே நான் சொல்லியிருக்கவேண்டும்.

அந்தக் கார்த்திகையில் அப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். புறப்படும் நாள் காலை நம் முற்றத்தில் இருமுடி கட்டும் கெட்டுநிறை. பத்துப் பதினைந்து சாமிமார் வந்திருந்தார்கள். தேங்காயில் நெய் நிறைக்க உட்காருமுன், கூட்டிக்கொண்டு போகிற குருசாமி முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தோல் சாமான் ஒன்றும் இங்கே கிடக்கக்கூடாது என்றார். சாமி காரியத்தில் என் வீட்டில் ஒரு குறை என்று ஆகிவிடக்கூடாது என்பதுதான் என் நினைப்பெல்லாம். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டுத் தொழுத்தின் பின்பக்கம் போய், கப்பலின் கழுத்திலிருந்த பெல்ட்டைக் கழற்றிச் சங்கிலியோடு ஆணியில் தொங்கவிட்டேன். என் பழைய புடவையின் கரையைக் கிழித்து அதன் கழுத்தில் கட்டித் தூணோடு முடிந்தேன். அது என் கையை நக்கிக்கொண்டு நின்றது. துணி தாங்குமா என்று யோசித்தேன். தாங்கும், ஒரு நாழிகைதானே என்று நானே சொல்லிக்கொண்டேன். பிறகு சரணம் விளித்தார்கள், வெளியே கதினா வெடித்தது. வெடி என்றால் கப்பலுக்கு எப்போதுமே பயம். அப்பாவை வண்டி ஏற்ற நீயும் கூட்டத்தோடு போயிருந்தாய். ஆட்கள் போகவர என்று வாசல் படலை காலையிலிருந்தே திறந்துதான் கிடந்தது. நான் தொழுத்துப் பக்கம் போய்ப் பார்த்தபோது தூணில் அரை முழத் துணி மட்டும் இருந்தது.

நீ திரும்பி வரும் வழியில் சாயாக்கடைக்காரர் உன்னிடம் சொல்லியிருக்கிறார், கழுத்தில் பெல்ட்டு இல்லாத பட்டி ஒன்றை அடித்து வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள், உங்கள் வீட்டுப் பட்டிபோல இருந்தது என்று. நீ ஓடிவந்து முற்றத்தில் நின்று, யார் பெல்ட்டைக் கழற்றியது என்று கேட்டாய். உன் முகத்தை அதற்குமுன் நான் அப்படிப் பார்த்ததில்லை. மலைக்குப் போனவர் திரும்பி வருமுன் வீட்டில் சண்டை வரக்கூடாது, உயிர்ப்பழி என் பெயரில் வரக்கூடாது, இப்படி எத்தனையோ மனதில் ஓடியது. இப்போது யோசித்தால் அவையெல்லாம் பிறகு நான் கண்டுபிடித்த காரணங்களோ என்னவோ. உன்னைப் பார்க்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். “அவதானே எப்பவும் அதைக் கழத்தி வெளையாடுவா. அவகிட்ட கேளு” என்றேன். பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு நானே என்னைத் தேற்றிக்கொண்டேன். அவள் எப்போதும் கழற்றுவாள், உண்மைதானே. மக்களே, நான் என் வாழ்நாளில் சொன்ன பொய்களில் அதைவிடக் கெட்டது இல்லை.

ஏன் கழற்றினாய், ஏன் கழற்றினாய் என்று நீ அவள் தோளைப் பிடித்து உலுக்கினாய். அவள் உன்னைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடிக்கவில்லை நீ. “இனி எங்கிட்ட மிண்டாதே” என்றாய். அன்றோடு சரி. அவளும் பேசவில்லை, நீயும் பேசவில்லை. மூன்று மாதத்தில் தோட்டத்து வேலை கிடைத்து நீ பீர்மேட்டுக்குப் போய்விட்டாய். நீ போவதற்கு முன்பே எனக்கு ஒரு சந்தர்ப்பம் வந்தது. மலையிலிருந்து திரும்பி வந்த குருசாமி நாய் செத்ததைக் கேள்விப்பட்டு அனுதாபமாக விசாரித்தார். பெல்ட்டு தோல் ஆயிற்றே, கெட்டுநிறை முற்றத்தில் ஆகுமோ என்று ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். “பட்டிக்க கழுத்தில கெடக்கது பட்டிக்கு. நமக்கென்ன? நான் செருப்பையில்லா சொன்னேன்” என்றார். தொழுத்து ஆணியில் கிடந்த பெல்ட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய் நெல்லுப் பத்தாயத்துக்குள், அடியில், கை எட்டாத மூலையில் போட்டேன். முற்றத்தில் தோல் ஆகாது என்று நினைத்தவள் நான். ஆறு வருஷம் நீங்கள் தின்ற அரிசி அந்தத் தோலின்மேல் கிடந்த நெல்லில் குத்தியது.

அப்பா சாகும்வரை இவளைக் கவனமில்லாத பிள்ளை என்றே நினைத்திருந்தார். விளக்கேற்றச் சொன்னால்கூட, பார்த்து, நீ மறந்துவிடுவாய் என்பார். நான் பக்கத்தில்தான் நிற்பேன். ஒருநாளாவது வாய் திறந்திருக்கலாம். அவர் படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில் மருந்து நேரம் தவறாமல் கொடுத்தது இவள்தான். அப்போதும் அவர் என்னைக் கூப்பிட்டுத்தான், நீ சரிபார்த்தாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான் எதையும் சரிபார்க்கவில்லை. எனக்கு மருந்துச் சீட்டை வாசிக்கத் தெரியாது.

இதுவரை சொன்னபோது எழுதும் சத்தம் நிற்கவில்லை. நின்றுவிடும், அழுவாள், எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்துத்தான் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். எதுவும் நடக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் மையைத் தொட்டுக்கொண்டு அடுத்த வரிக்குக் காத்திருக்கிறாள். “ஏட்டி, எல்லாம் கேட்டியா?” என்றேன். “எனக்குத் தெரியும்மா. நீ கழத்தும்போ நான் வைக்கப்படப்புக்குப் பொறத்த நின்னு பாத்தேன்” என்றாள். பின்னே ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன். “கழத்தினியான்னு யாரும் எங்கிட்ட கேக்கல்ல. ஏன் கழத்தினேன்னுதான் எல்லாரும் கேட்டியோ.”

உனக்குப் புத்திமதி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் பெற்றவள், ஒன்று சொல்கிறேன். நாளை உனக்கும் பிள்ளைகள் வரும். ஏதாவது உடைந்துபோகும், செத்துப்போகும். அப்போது யார் செய்தது என்று கேட்டால், பெரியவர்கள் பதில் சொல்லி முடிக்கும்வரை சின்னதின் தோளைப் பிடிக்காதே. பெரியவர்களுக்குப் பயம் அதிகம். என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆறு வருஷக் கோபம், இடம் மாறிப் போய்விட்டது. அதை எடுத்து இருக்கவேண்டிய இடத்தில் வைத்துக்கொள். மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்கவில்லை. கேட்கவேண்டியது உன்னிடம் அல்ல. கேட்கவேண்டியவளிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் எழுத, நான் சொல்ல, அவள் முன்னாலேயே இதைச் சொன்னது என் கோழைத்தனமா தைரியமா என்பதும் தெரியவில்லை.

பத்தாயத்திலிருந்து பழைய பெல்ட்டை எடுத்துவிட்டேன். தோல் வெடித்து விறைத்துப்போயிருக்கிறது, குட்டிக்கு ஆகாது. அதில் இருந்த பித்தளை வில்லையை மட்டும் பிரித்து இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். நான் சொன்னதை நம்பாவிட்டால், ஆறு வருஷம் நான் ஒளித்துவைத்திருந்த அதைப் பார். புதுப் பெல்ட்டு உன் தங்கையிடம் இருக்கிறது. குட்டி வந்ததும் அதன் கழுத்தில் அதைக் கட்டுவது அவள்தான், வேறு யாரும் இல்லை. அதற்குச் சம்மதமென்றால் குட்டியைக் கொண்டு வா. படலைக்கு வெளியே நின்று முதலில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. அவள் பெயரை இந்தக் கடிதத்தில் எங்கும் எழுதச் சொல்லவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சம்மதமில்லையென்றால் குட்டியை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடு. சாக்கும் சட்டியும் வீணாகப் போகட்டும்.

எப்போதும் என் கடிதத்தின் முடிவில், தங்கச்சி உன்னை விசாரித்தாள் என்று ஒரு வரி இருக்கும். நான் சொல்லாமலேயே அவள் எழுதிவிடுவாள் என்பதும் போன செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. இன்றைக்கு நானே அதை எழுதச் சொன்னேன். நான் சொன்ன எல்லாவற்றையும் எழுதியவள், அதைமட்டும் எழுதமாட்டேன் என்கிறாள். ஆகவே அந்த வரி இல்லாமல்தான் இந்தக் கடிதம் உன்னிடம் வருகிறது.

அம்மா